சம்பந்தியின் கதிரை

இந்த நாட்டில் ஃபுட்போல் என்றால் நாங்கள் விளையாடிய உதைபந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். மற்றவர்கள் அவனை விழுத்துவார்கள். விழுந்தவனுக்கு மேல் இன்னும் நான்கு பேர் விழுவார்கள். பேரனுடைய பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த முதல் ஆட்டத்தில் விழுத்தல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணினால் எனக்குப் பதற்றம் குறையும். இடைவேளைக்கு முன்பே அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன், பதற்றம் குறையவில்லை.

கண்ணை மூடினாலும் காது விடாது. இரண்டு ஹெல்மெட்டுகள் மோதும்போது யாரோ கோபத்தில் கார்க் கதவை அறைந்து சாத்தியதுபோல ஒரு சத்தம். அதற்குப் பின்னால், காற்று வெளியேறுகிற மனிதச் சத்தம் ஒன்று. பதினாறு வயதுப் பிள்ளைகளின் நெஞ்சிலிருந்து அது வருகிறது. அதைக் கேட்டு அம்மாமார் கைதட்டுகிறார்கள்.

ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு வேலையைப் பொறுப்பெடுக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து ஒழுங்கு. மகளுக்குச் சனிக்கிழமைகளில் மருந்துக்கடையில் வேலை. மருமகன் ரொறன்ரோவுக்கு லொறி ஓட்டுகிறவர். ஆகவே வேலை எனக்கு வந்தது. பொறுப்பாக இருந்த பெண்மணி ஒரு செம்மஞ்சள் மேலங்கியைத் தந்து, மைதானத்தின் நீளப் பக்கத்துக் கோட்டைக் காட்டினார். அந்தக் கோட்டுக்கும் அதற்கு வெளியே கட்டியிருந்த கயிற்றுக்கும் நடுவில் ஒருவரும் நிற்கக்கூடாது. நடுவர்கள் நிற்கலாம், தூரம் அளக்கும் சங்கிலியோடு ஓடுகிறவர்கள் நிற்கலாம், அவ்வளவுதான். மற்றவர்களைக் கயிற்றுக்குப் பின்னால் அனுப்புவது என் வேலை.

வேலை சின்னது, காரணம் பெரியது. ஓடி வருகிறவன் கோட்டோடு நிற்பதில்லை. கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நிற்கும், ஆனால் ஆள் நிற்க மாட்டான். அவனைத் தள்ளியவனும் நிற்க மாட்டான். நான் வேலை தொடங்கிய முதல் நாளே படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு தகப்பனின் முழங்கால் பின்பக்கமாக மடிந்ததைக் கண்டேன். மனிதன் எழும்புவதற்கு முன்பு கமெராவைத்தான் தேடினார். அதன் பிறகு நான் மிகவும் கடுமையாக இருந்தேன். "ரெக்குலே, ரெக்குலே" என்று கத்திக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பேன். பின்னால் போங்கள் என்று பொருள். முப்பது வருடமாக இந்த ஊர் மெற்றோவில் கேட்டுக் கேட்டுப் படித்த சொல். "பொலிஸ் தாத்தா வந்திட்டார்" என்று பிரெஞ்சில் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பின்னால் போவார்கள். எனக்கு அது போதும்.

சிரமம் எங்கள் ஆட்களோடுதான். அணியில் மூன்று தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுடைய வீட்டார் மடக்குக் கதிரைகளோடு வந்து, கயிற்றைத் தூக்கிக் குனிந்து, கோட்டிலே கால்பெருவிரல் படும்படி வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் எந்த மைதானத்திலும் கயிறு கட்டியதில்லை. சுண்ணாம்புக் கோடு இரண்டாவது ஆட்டத்திலேயே அழிந்துவிடும், பிறகு சனத்தின் கால்விரல்கள்தான் கோடு. மூலையிலிருந்து பந்து உதைக்கிறவன் "விலகுங்கோ, விலகுங்கோ" என்று சனத்தைத் தள்ளித்தான் இடம் எடுப்பான். கோட்டிலே நிற்பது ஆட்டத்துக்குச் செய்யும் மரியாதை. தள்ளி நிற்கிறவன் சீட்டு விளையாட வந்தவன். இந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து உட்கார்ந்தால் ரயில் பாதையில் உட்கார்ந்ததற்குச் சமம். இதை நான் மாஸ்டர் குரலில் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். ஊரில் கணக்குப் படிப்பித்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். "சரி மாஸ்டர், வாறம் மாஸ்டர்" என்று கதிரையைத் தூக்குவார்கள். ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் என் சம்பந்தி, மருமகனின் தகப்பனார். மட்டக்களப்பில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், இப்போது லவாலில் இருக்கிறார். என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன், ஏனென்றால் பெண்ணைக் கொடுத்தவன் நான். அவர் சொல்லி ஒரு கல்யாண மண்டபத்தை மாற்றியிருக்கிறேன். பேரனுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் பார்த்து வந்து, "படிச்சது காணும், வா மனே" என்று அவனைக் கூட்டிக்கொண்டு போவார். மனே என்றால் அவர் ஊரில் மகனே. நான் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மூடுவேன். பதினேழு வருடமாக இப்படித்தான். எங்களுக்குள் இதற்குப் பெயர் மரியாதை.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு அவருடைய இருதயத்தில் ஒரு வால்வை மாற்றினார்கள். அன்று தொடக்கம் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார். சவரக் கத்தி பட்டால்கூட அரை மணித்தியாலம் துணியை அழுத்திப் பிடிக்க வேண்டும். தலையில் அடிபட்டால் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மகள் எனக்குத் தொலைபேசியில் இரண்டு கட்டளை இட்டிருந்தாள்.

"அப்பா, மாமா விழக்கூடாது. தலையிலை ஒண்டும் படக்கூடாது."

"சரி."

"அவரோடை வாய்காட்டவும் கூடாது."

இந்த இரண்டையும் ஒன்றாக நிறைவேற்ற ஒரு வழியும் இல்லை என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை லொங்குய்ய்யிலிருந்து வந்த அணியோடு ஆட்டம். மத்தியானம், நல்ல வெயில், ஆனால் காது விறைக்கும் குளிர். சம்பந்தி மெற்றோவும் பஸ்ஸும் எடுத்து, நீல நிற அலுமினியக் கதிரையைத் தோளில் கொழுவிக்கொண்டு வந்தார். கம்பளித் தொப்பி, கையில் கடலைப் பொட்டலம். கயிற்றைத் தூக்கி, மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே கதிரையை விரித்தார். முன்கால்கள் இரண்டும் வெள்ளைக் கோட்டில்.

"அண்ணை, கொஞ்சம் பின்னுக்கு இருந்தால் நல்லது."

"ஏன் மாஸ்டர், இஞ்ச வெயில் நல்லா அடிக்கிதே."

"பெடியள் வந்து விழுவாங்கள்."

"விழட்டும். நான் கோல்கீப்பரா நிண்டவன். எத்தினை பேர் என்ர நெஞ்சில விழுந்திரிக்கான் தெரியுமா? கடலை எடுங்க."

நான் கடலை எடுத்தேன். அதைத் தவிர வேறு என்ன செய்வது?

ஆட்டம் தொடக்கத்திலேயே கெட்டுப்போயிருந்தது. போன வருடத்துப் பகை ஏதோ இரண்டு அணிக்கும் இருந்தது. குவியலுக்கு அடியில் கைகளால் குத்துகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்தது, நடுவருக்குத் தெரியவில்லை. எங்கள் அணிப் பெடியன் ஒருவன் வாயிலிருந்து பற்காப்பை எடுத்து உதறினான். அதிலிருந்து விழுந்தது சிவப்பாக இருந்தது. அதைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டு ஓடினான். அவர்களுடைய பக்கத்தில் ஒருவன் தோள் இறங்கி, கை தொங்கிப்போய், அழுதுகொண்டு வெளியே நடந்தான். அவனுடைய கோச் அவன் முதுகில் தட்டினார். அடிபட்ட தோளின் பக்கத்திலேயே தட்டினார்.

பேரன் தடுக்கிறவர்களில் ஒருவன். வீட்டில் சோற்றுக் கோப்பையைக்கூடக் கழுவி வைக்கிற அமைதியான பிள்ளை. இங்கே அவன் தலையைக் குனிந்துகொண்டு வரும்போது எனக்கு அவனை அடையாளம் தெரியாது, முதுகில் உள்ள இலக்கத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அவன் விழுத்தியது ஒன்பது பேரை. ஒவ்வொன்றுக்கும் சம்பந்தி கதிரையில் குதித்தார்.

"அடி மனே! இன்னும் அடி! எழும்ப விடாத!"

இடைவேளைக்குச் சற்று முன்பு நடுவர் என்னிடம் வந்தார். கதிரையைக் காட்டி, அடுத்த தடவை உங்கள் அணிக்குத் தண்டனை, பதினைந்து யார் தூரம் பின்னால் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கயிற்றுக்குப் பின்னாலிருந்த ஒரு தகப்பனும் அதைக் கேட்டுவிட்டார்.

"நாங்கள் மட்டும் பின்னால், உங்கள் ஆள் மட்டும் முன்னாலா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"அவர் நோயாளி. இருதயம்," என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

"நோயாளி என்றால் இன்னும் பின்னால் அல்லவா இருக்க வேண்டும்?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் திரும்பி வந்து, நடுவர் சொன்னதைச் சம்பந்தியிடம் சொன்னேன். அவர் எழும்பாமலே கதிரையோடு சேர்ந்து ஒரு சாண் பின்னுக்கு அரக்கினார்.

"இப்ப சரியா? உங்கட நடுவருக்குச் சந்தோசமா?"

ஒரு சாண்! ஓடி வருகிறவனுடைய சப்பாத்தே அதைவிட நீளம்.

இடைவேளைக்குப் பிறகு நான் மைதானத்தின் நீளத்துக்கு நடப்பதை விட்டுவிட்டேன். சம்பந்தியின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றேன். நான் இங்கே நின்றதால் மற்ற இடமெல்லாம் காவல் இல்லாமல் போனது. பதினொரு பேர் கயிற்றைத் தாண்டி முன்னால் வந்ததை எண்ணினேன், எண்ணியதோடு சரி. எனக்கு அந்தக் கம்பளித் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. அதற்குள் இருக்கிற மண்டை, அதற்குள் இருக்கிற மெல்லிய குழாய்கள். லொங்குய்ய்ப் பிள்ளைகளில் ஒருவன் எங்கள் பக்கம் திரும்பினாலே என் கை தானாக உயர்ந்தது.

அப்போதுதான் அந்த நெட்டைப் பெடியன் பந்தைப் பிடித்தான். மைதானத்தின் நடுவில் பிடித்து, இரண்டு பேரை ஏமாற்றி, கோட்டின் பக்கம் வளைந்து, கோட்டோடு சேர்ந்து எங்களை நோக்கி வந்தான். குறுக்காகப் பேரன் வந்தான். இரண்டு கோடுகளை நீட்டினால் எங்கே வெட்டும் என்று சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவை கதிரையில் வெட்டின.

நான் அண்ணை என்று கூப்பிடவில்லை. எழும்புங்கோ என்று சொல்லவில்லை. வலக்கையால் ஜக்கெற்றின் கழுத்தையும் இடக்கையால் மேற்கையையும் பிடித்து, கதிரையிலிருந்து ஆளைப் பின்பக்கமாகப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான சொல். எழுபத்தைந்து வயதில் என்னிடம் அவ்வளவு பலம் இருந்தது எனக்குத் தெரியாது. அவர் என் தலைக்குச் சமமாக எழும்பி, என் பக்கமாகத் திரும்பி, கடலைப் பொட்டலத்தோடு கயிற்றடியில் போய் விழுந்தார். நானும் விழுந்தேன். விழுந்தபடியே கேட்டேன்: கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம், உடனே அலுமினியம் மடியும் சத்தம், அதற்குப் பிறகு ஒரு பிள்ளை அம்மாவைக் கூப்பிடும் சத்தம்.

எழும்பிப் பார்த்தபோது நீலக் கதிரை ஒரு பக்கமாக நசுங்கிக் கிடந்தது. அதன் காலுக்குள் நெட்டைப் பெடியனின் கை போயிருந்தது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கை வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. இரண்டு எலும்பும் முறிந்தது என்று பிறகு கோச் சொன்னார். பேரன் அவனுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நடுவர் தண்டனைக்கான மஞ்சள் துணியை எறிந்தார். கை முறிந்த பிள்ளையின் தகப்பன் அவர்களுடைய பக்கத்திலிருந்து மைதானத்துக்குக் குறுக்கே ஓடி வந்து, இரண்டு கையாலும் என் நெஞ்சில் தள்ளினார்.

"உன் வேலையே இதுதானே! இதற்குத்தானே உனக்கு இந்த உடுப்பு!"

இன்னொரு தடவை தள்ளினார். நான் தடுக்கவில்லை. பொறுப்பான பெண்மணி வந்து அவரை விலக்கினார். பிறகு என்னிடமிருந்த மேலங்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பொத்தானையும் அவரே கழற்றினார்.

சம்பந்தி கயிற்றடியில் உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லை. நெற்றியின் ஓரத்தில் புல்லின் பச்சை ஒட்டியிருந்தது.

"தலை அடிபட்டதோ அண்ணை?"

அவர் புல்லில் தொப்பியைத் தேடினார். என்னைப் பார்க்கவில்லை. அம்புலன்ஸ் ஏற்கெனவே பெடியனுக்காக வந்திருந்தது, இவருக்கு இன்னொன்று கூப்பிட்டார்கள். மாத்திரையின் பெயரை நான் சொன்னதும் அவர்கள் வேகமாக வேலை செய்தார்கள். அந்த வேகம்தான் என்னைப் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் ஸ்கானுக்குக் கொண்டுபோனார்கள். நானும் பேரனும் நடைகூடத்தில் இருந்தோம். அவன் இன்னும் விளையாட்டுக் காற்சட்டையில், முழங்கால் முழுக்க மண்ணோடு இருந்தான். மகள் மருந்துக்கடையிலிருந்து மூன்று தரம் போன் எடுத்துவிட்டாள். மூன்று தரமும் நான் விழுத்தினேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை, விழுந்துவிட்டார் என்றே சொன்னேன்.

"தம்பி, அப்பப்பா அதிலை இருந்தவர். நீ கண்டனியோ?"

"ஓம்."

"கண்டும் ஏன் விடேல்லை?"

"அவனிட்டை பந்து இருந்தது, அம்மப்பா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நீங்கள் பின்னாலை நிண்டனீங்கள்தானே."

நான் குனிந்து அவனுடைய முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டேன்.

சம்பந்தியைத் திரும்பக் கொண்டுவந்து, திரை போட்ட ஒரு கட்டிலில் விட்டார்கள். ஸ்கான் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை ஆள் குழம்புகிறாரா, வாந்தி எடுக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் கட்டிலருகில் போனேன்.

"அண்ணை, இண்டைக்கு என்ன கிழமை?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"பதினேழைப் பதின்மூண்டாலை பெருக்கினால் எவ்வளவு?"

அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"அது எனக்கு விழமுதலும் தெரியா."

அப்போது நேர்ஸ் ஒருத்தி வந்தாள். இரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். சுருட்டியவள் நிறுத்திவிட்டாள். அவருடைய மேற்கையில் என் இடக்கை இருந்தது. நான்கு விரல், ஒரு பெருவிரல், கத்தரிப்பூ நிறத்தில், ஒவ்வொன்றும் என் விரலைவிட இரண்டு மடங்கு பருத்து, இன்னும் பரவிக்கொண்டிருந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே போய் நிற்கச் சொன்னாள். பேரனை மட்டும் மொழிபெயர்க்க வைத்துக்கொண்டாள். திரைக்கு வெளியே நான் நின்றேன். துணித் திரைதானே, எல்லாம் கேட்டது.

"அப்பப்பா, இவ கேக்கிறா, வீட்டிலை ஆராவது உங்களுக்கு அடிக்கிறவையோ எண்டு."

"ஆரு, மாஸ்டரையா கேக்கிறா?"

"ஓம். அம்மப்பாவைத்தான்."

"ஓம் எண்டு சொன்னா மாஸ்டரைப் புடிச்சிட்டுப் போவாங்களா?"

"தெரியாது, அப்பப்பா."

"அப்ப கொஞ்சம் யோசிக்கணும் மனே."

யோசித்தார். நான் திரையின் வளையங்களை எண்ணத் தொடங்கினேன். பதினாறாவதில் அவர் குரல் வந்தது.

"இல்லையெண்டு சொல்லு. பதினேழு வரிசத்தில இண்டைக்குத்தான் முதல்தரம். ஆனா அவக்கு இன்னொண்டும் சொல்லு. அந்த மனிசன் புடிச்சி இழுத்ததில நான் உன்ர அடியப் பாக்கல்ல. வானத்தத்தான் பாத்தன்."

பேரன் முதல் பாதியை மட்டும்தான் பிரெஞ்சில் சொன்னான்.

ஸ்கானில் ஒன்றும் இல்லை. டொக்டர் வந்து அதைச் சொன்னபோது நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தியின் காலில் உட்கார்ந்துவிட்டேன் என்பது அவர் கத்தியபோதுதான் தெரிந்தது. நாளைக் காலை இன்னொரு ஸ்கான் எடுத்துவிட்டு அனுப்புவோம் என்றார் டொக்டர். அவர் போனதும் சம்பந்தி பேரனைக் கூப்பிட்டார்.

"ஒருத்தருமா அந்த அடியப் போனில படம் எடுக்கல்ல?"

ஒருத்தி எடுத்திருந்தாள். கூட விளையாடும் பெடியனின் அக்கா. அவள் அதை எல்லாருக்கும் அனுப்பியும் இருந்தாள். பேரன் போனைப் பிடிக்க, சம்பந்தி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். போனுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் சின்னதாக வந்தது. முறிந்த கையையும் சேர்த்துத்தான் பார்த்தார்.

"பாவம் அந்தப் பெடியன்," என்றார். பிறகு, "ஆனா என்ன அடி! பேசாம இருந்திருந்தா கிட்ட இருந்து பாத்திருப்பன்."

"இருந்திருந்தால் நீங்கள் இருந்திருக்க மாட்டியள், அண்ணை."

"இன்னொருக்காப் போடு மனே."

நான்காம் தடவையோ ஐந்தாம் தடவையோ, அவர் போனைக் கையில் வாங்கி, விரலால் தட்டிப் படத்தை நிறுத்தினார்.

"மாஸ்டர், இஞ்ச வாங்க. இதப் பாருங்க. அந்த நெட்டையன் இன்னும் அங்க நிக்கிறான். இஞ்ச திரும்பவேயில்ல. ஆனா நான் ஏற்கெனவே ஆகாசத்தில."

பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. பெடியன் கோட்டின் பக்கம் வளைவதற்கு முன்பே கதிரை காலியாக இருந்தது.

"நான் வேகத்தைக் கணக்குப் பார்த்தனான்," என்றேன்.

"கணக்கா?"

"ஓம் அண்ணை. வந்து சேரும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான்."

அவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். என் முகம் திரையை நிறைத்தது. பற்கள் தெரிந்தன, கீழ்ப்பற்கள் முழுதும். கண் பெடியனையும் பார்க்கவில்லை, பேரனையும் பார்க்கவில்லை. அது சம்பந்தியின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சம்பந்தி சிரிக்கத் தொடங்கினார். கட்டில் ஆடும் அளவுக்குச் சிரித்தார், இருமினார், இயந்திரம் ஒன்று கீச்சிடத் தொடங்கியது. நேர்ஸ் ஓடி வந்து திரையை விலக்கினாள். அவர் போனை அவள் பக்கம் நீட்டி, என் முகத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவள் முதலில் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.